தட்டியா, சுவரா?

1988 சித்திரையில், என் கல்யாணத்துக்கு முந்தின மாதம், பழங்காநத்தம் வீட்டு மாடியை இரண்டாகப் பிரித்தோம். அதுவரை அது ஒரே கூடம். அண்ணன் குடும்பமும் நானும் அதில்தான் படுத்தோம். நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "எம் பொண்ணுக்குச் செவரு வச்ச தனி ரூம்பு வேணும்." அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

மரக்கட்டைகள் தாங்கிய பழைய தளம் அது. செங்கல் சுவரின் பாரத்தைத் தாங்காது என்று தச்சர் சொல்லிவிட்டு, இருபுறமும் காகிதம் ஒட்டிய வெள்ளைப் பலகைகளை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். ஜிப்சம் போர்டு என்றார். அண்ணனுக்கு அது பார்ட்டிசன். அவருடைய ஆபீசில் மானேஜரை மறைத்திருந்த பிளைவுட்டுக்கும் அதே பெயர்தான். அம்மா தட்டி என்றார். நான் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டிவிட்டு வந்து, அமெரிக்காவில் இதற்கு டிரைவால் என்று பெயர், அதாவது உலர் சுவர் என்றேன்.

"அப்ப மத்த செவரெல்லாம் ஈரமாவா இருக்கு?" என்றார் மதினி.

ஆனால் பெயரில் பொருள் இருந்தது. கலவை குழைக்க வேண்டாம், கட்டிய சுவரைத் தினமும் நனைக்க வேண்டாம். குழாய்த் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்ற அந்தக் கோடையில் அது பெரிய விஷயம்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சமயநல்லூர்ப் பக்கம் கடலை விவசாயம் செய்துவந்த பெண்ணின் அப்பா அறையைப் பார்க்க வந்தார்.

"வாங்கண்ணே, தட்டி அடைச்சாச்சு, வந்து பாருங்க" என்று அம்மா வரவேற்றார்.

அவர் முகம் மாறியது. "தட்டியா? அது மாட்டுக் கொட்டத்துக்குல்ல அடைப்பாக. நான் செவருல்ல கேட்டேன்?"

"தட்டி இல்ல மாமா, ஜிப்சம்" என்று அண்ணன் சமாளித்தார்.

"ஜிப்சமா? கடலை பூக்கையில போடுறதுல்ல அது! உரத்துலயா செவரு வைப்பாக?"

உலர் சுவரை நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அவர் விரலால் தட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமில்ல போலயே மாப்ள. சாமி படம் மாட்ட ஆணி நிக்குமா? நிக்கலேன்னா வேற வீடு பாருங்க. முகூர்த்தத்தை அப்புறம் வச்சுக்கிருவோம்."

அண்ணன் அடித்த ஆணி பொசுக்கென்று உள்ளே போய், தொட்டதும் கையோடு வந்தது. வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அவர் அதை விரலிடுக்கில் தேய்த்தார். "அதேதேன்."



"ரெண்டு பலகைக்கும் நடுவுல மரச்சட்டம் இருக்கு மாமா" என்றேன்.

"எங்க?"

சத்தத்தை வைத்துத்தான் தேட வேண்டும். அவரும் நானும் ஆளுக்கொரு பக்கமிருந்து தட்டிக்கொண்டே வந்தோம். ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சத்தம் கெட்டியானது. அங்கே அடித்த ஆணியில், எங்களுக்காகக் கொண்டுவந்த கடலைப் பையை மாட்டி, அதைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். அசையவில்லை.

"செவருதேன்" என்றார் அம்மாவிடம். "சோத்தைப் போடு தங்கச்சி."

வைகாசியில் வந்தவள் அந்த ஆணியில் முருகன் படத்தை மாட்டினாள். பக்கத்து ஓட்டை படத்துக்கு அப்பால் தெரிந்தது. விபூதியை நீரில் குழைத்து அதில் வைத்துத் தட்டினாள்.

"அங்கிட்டு என்னத்தத் தட்டுற?" மறுபக்கத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது.

"செவத்தை அடைக்கேன்க்கா!"