மும்மாரி கேட்ட மாமா

அம்மாவின் தம்பியான என் மாமா குளங்களுக்குப் பொறுப்பான எஞ்சினியர். அப்படிச் சொன்னால் அளவுநாடாவும் கையுமாகத் திரிந்த கறாரான மனிதர் என்று நினைப்பீர்கள். அவருடைய ஜீப்பின் பின் இருக்கையில் ஆர்மோனியப் பெட்டி ராசா மாதிரி வீற்றிருக்கும். அளவெடுக்கும் கம்புகள் அதன் காலடியில் கிடக்கும். குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக் கதவு கிறீச்சிட்டால், எண்ணெய் விடச் சொல்வதற்கு முன் அது எந்தச் சுருதியில் கிறீச்சிடுகிறது என்று கண்ணை மூடிக் கேட்பார். பல்கலைக்கழகத்தில் அவர் பாலம் கட்டப் படித்ததைவிட நாடகத்தில் பெண்வேசம் கட்டியதுதான் அதிகம் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் துணுக்காய்ப் பக்கம் மீளக்குடியேறிய காலத்தில்தான் அவர் எங்கள் குளத்துக்கு மாற்றலாகி வந்தார். வந்ததும் குளக்கட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அடுத்த வேலையாக, ஊரில் கூத்தாடத் தெரிந்தவர்கள் யார் மிச்சமிருக்கிறார்கள் என்று விசாரித்தார். யுத்த இடப்பெயர்வில் கூத்து உடுப்புகளெல்லாம் போய்விட்டிருந்தன. மாமா பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி முடி செய்தார். ஆடி மாதக் கோயில் பொங்கலுக்குக் கூத்து என்று முடிவாயிற்று. குரல் இருந்தபடியால் மாமா ராசா. உயரம் இருந்தபடியால் அப்பா மந்திரி.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குளத்து நீர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் துருசைப் பூட்டிவிடுவது, மிச்சத் தண்ணீர் சனத்துக்கும் மாடுகளுக்கும் என்று வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் எல்லோருமாகக் கையுயர்த்தி முடிவெடுத்திருந்தார்கள். நீர் அந்த அளவுக்கும் கீழே இறங்கியதால் துருசு பூட்டப்பட்டது; பூட்டின் திறப்பு மாமாவிடம் இருந்தது. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில். நெல் கதிர் தள்ளி நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் தப்பும், இல்லாவிட்டால் பதர்தான்.

ஊர் வாயை மூட முடியுமா? எஞ்சினியரின் அத்தான் வயல் காய்வதாவது, ஊர் கண்ணயரட்டும், கதவு தானாகத் திறக்கும் என்று கதை கிளம்பியது. சிலர் வாய்க்கால் கரையில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். அம்மாவால் கிணற்றடிக்குப் போக முடியவில்லை. மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கோவென்று அம்மா நச்சரித்தபோதெல்லாம் அப்பா மந்திரியின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கு எட்டு வயது. மாமா ராசா, ராசா நினைத்தால் நடக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

பொங்கலன்று பின்னேரம் கோயில் வளவில் கூத்துத் தொடங்கியது. ராசா கொலுவுக்கு வந்து கதிரையில் அமர்ந்ததும் முதலில் கேட்பது, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா என்பதுதான். எந்த ஊர்க் கூத்திலும், எந்தக் கொடிய வறட்சியிலும், பொழிகிறது மன்னா என்றுதான் மந்திரி சொல்லவேண்டும். எனக்கே அது பாடம். மாமா கணீரென்று கேட்டார்.

அப்பா ராசாவுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு வீட்டில் கதைக்கும் குரலில் சொன்னார்:

"பொழியேல்லை மன்னா. வாய்க்கால் கடைசியில என்ர வயல் காயுது. ஒரே ஒரு தண்ணி திறந்து விடுங்கோ."

ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையை அழுத்தியபடி இருந்தார். மாமா எழுந்தார். எந்த ஏட்டிலும் இல்லாத நாலு வரியை அந்த இடத்திலேயே கட்டிப் பாடினார்: குளத்தில் கிடப்பது குழந்தைக்கும் கன்றுக்கும் குடிநீர், கூடிச் சொன்ன சொல்லைக் கோன் மீறலாகாது என்று. நாலாவது வரியில் அவருடைய குரல் சுருதி விலகி உடைந்தது. பாடுவதை விட்டுவிட்டு, "அத்தானுக்கெண்டாலும் திறக்கமாட்டன்" என்றார்.

அப்பா குனிந்து கும்பிட்டு, "உத்தரவு மன்னா" என்றார். கூத்துத் தொடர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதார். சபையில் கேட்டு அவமானப்பட்டதை வீட்டுக்குள் கேட்டிருக்கலாமே என்றார். வேசத்து மையைத் தேங்காயெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே சொன்னார்:

"வீட்டில கேட்டிருந்தால், அவன் மாட்டனெண்டது ஆருக்குத் தெரியும்?"

எனக்கு அது விளங்கவில்லை. அந்தப் போகம் எங்கள் வயலில் மாடுகள்தான் மேய்ந்தன. காவல் இருந்தவர்கள் மறுநாளே கலைந்து போனார்கள். மாமா மறுபடி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வந்த முதல் நாள் சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் இருந்தார். நான் அவரோடு கோபம், கதைக்கவில்லை.

போன வருடம் மாமா காலமானார். வாய்க்கால் கடைசிக்காரர் ஒருவர் வந்து, சொந்த அத்தானுக்கே தண்ணீர் விடாத மனிதர் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி அழுதார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்தப் பதில் வரும் என்று தெரிந்துதான் அப்பா அன்று கேட்டிருக்கிறார். எதற்காகக் கேட்கிறார் என்பதும் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வயதில் நான், மாமாவுக்குப் பாட்டு மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.