மீனுக்காக வீட்டைத் திருப்பிய வெர்லின்

மின்னசோட்டாவில் முப்பது வருடம் வீடு வீடாகத் தரைவிரிப்பு பதித்த வெர்லின், ஓய்வு பெற்றதும் சொந்த வீட்டை விற்று ஒரு வீட்டுவண்டி வாங்கினார். குளிர்காலமானால் அவரும் மனைவி மார்னாவும் அரிசோனா பாலைவனத்தில் வண்டியை நிறுத்திக்கொள்வார்கள். அங்கே வாடகை கிடையாது. கரண்டும் கிடையாது.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பழைய கேஸ் ஃபிரிட்ஜ் செத்துப்போனது. உள்ளே இருந்த வான்கோழிக்கு அது இரண்டாவது சாவு. அடுத்ததாக மார்னாவின் மீன் விருந்து வரவிருந்தது. சொந்த ஊர் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடித்த மீனை, உறையவைத்து ஐஸ் பெட்டியில் போட்டு அவள் தங்கை அனுப்பியிருந்தாள். அது உருகினால் யூமா நகரில் வாடகைக்கு வண்டி நிறுத்தும், கரண்டு உள்ள பூங்காவுக்குப் போய்விடுவது என்று மார்னா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். துணி காயப்போடக்கூட அனுமதி கேட்கவேண்டிய இடம் அது. வெர்லினுக்கு அந்த இடமே ஆகாது.

உட்கார்ந்து கணக்குப் போட்டார். கரண்டு குறைவாகக் குடிக்கும் புது ஃபிரிட்ஜ் ஆயிரத்து இருநூறு டாலர். அதற்கு இரண்டு சோலார் தகடு வேண்டும், தகடு ஒன்று நானூறு. சூரியனை நேராகப் பார்த்தால் ஒரு தகடே இரண்டின் வேலையைச் செய்யும் என்று முடிவுகட்டி, ஃபிரிட்ஜோடு தகடு ஒன்றே ஒன்று வாங்கி, கூரையில் சாய்த்துத் திருகாணியால் முடுக்கினார். சூரியன் நகருமே? நகரட்டும், வீடும் நகரும்.

காலையில் கிழக்கு, மதியம் தெற்கு, மாலையில் மேற்கு. ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஓடவிட்டு, அங்குலம் அங்குலமாக அரை மணி நேரம் வண்டியைத் திருப்பினார். மார்னா கழிவறைக்குள் போகும்போது ஜன்னலில் மலை இருக்கும், வெளியே வரும்போது அடுத்தவர் கொடியில் காயும் ஜட்டி இருக்கும். ஆனால் திருப்பத் திருப்ப பேட்டரி ஏறியது. அதை வெர்லின் பாலைவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பக்கத்து வண்டி டெல்ஃபீனா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"திருப்பறப்ப எஞ்சின் ஓடுதா?"

"ஓடாம எப்படித் திரும்பும்?"

"எஞ்சின் ஓடினாலே பேட்டரி ஏறும்யா. நீ மீனை டீசல்ல குளிர வச்சிட்டிருக்க. அந்தக் காசுக்கு இன்னொரு தகடே வாங்கியிருக்கலாம்."

வெர்லின் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை காலை தகட்டைச் சூரியனுக்கு முதுகுகாட்ட வைத்து எஞ்சினை ஓடவிட்டார். பேட்டரி குதித்து ஏறியது. வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் டீசல் தீர்ந்து, தகடு வெயில் படாமல் வடக்கே பார்த்தபடி வண்டி நின்றுவிட்டது.

மார்னா பூந்தொட்டிகளைத் துணியில் சுற்றத் தொடங்கினாள். யூமாவுக்குத்தான்.

வெர்லின் கூரைமேல் ஏறித் தகட்டைக் கழற்றினார். ஒயரை நீட்டி, தகட்டைக் கொண்டுவந்து மடக்கு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார். பொழுது சாயும்வரை, சூரியன் போகும் பக்கமெல்லாம் நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டே நின்றார்.

மறுநாள் பார்த்தால் மீன் செங்கல்லாக உறைந்து கிடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் எலும்பைக்கூட விடவில்லை. மார்னா தொட்டிகளைப் பிரித்து வெளியே வைத்தாள்.

"இங்கயே இருக்கலாம், வெர்லின். ஆனா வண்டிச் சாவி இனிமே எங்கிட்ட இருக்கும்."

அவர் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு போய், தகடு சாய்ந்திருந்த நாற்காலியைச் சூரியன் பக்கம் காலால் தள்ளினார்.