படித்துறையில் தின்ற பழைய சோறு

கென்யாவிலிருந்து படிக்க வந்த ஆமினா, சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கடல் கடந்து வந்த பிள்ளைக்கு என் வீட்டில் ஏதும் ஆகிவிடுமோ என்று எந்நேரமும் பயம். காரமில்லாத ரசமும் குழைந்த சோறுமே கொடுத்தேன். ஆற்றுப் பக்கம் விடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் காணோம். பதறி ஓடினேன். படித்துறையில் ஈரத்தலையோடு உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா கொண்டுவந்த பழைய சோற்றை மீன்குழம்போடு தின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, நல்லா இருக்க பிள்ளைக்கு எதுக்குப் பத்தியச் சோறு போடுத? அவ என்ன பிள்ளையா பெத்திருக்கா?" என்று அக்கா சிரித்தாள்.

நான் ஆமினாவிடம் பாய்ந்தேன். "ஆறு இழுத்துட்டுப் போனா ஒங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எங்க ஊரு ஏரியில முதலை கெடக்கும், சித்தி. அதுலயே நீந்துனவ நான். இங்கன மீனுல்லா காலைக் கடிக்கு!" என்று நம்மூர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டு, கை கழுவித் தண்ணீரில் இறங்கி நின்று என்னிடம் கையை நீட்டினாள்.

படியில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றியே பழகிய நான், அன்று அவள் கையைப் பிடித்து இடுப்பளவு இறங்கினேன். மீன்கள் பாதத்தைக் கொறிக்க, கூச்சம் தாங்காமல் கத்திச் சிரித்தேன்.

பயம் இன்னும் போகவில்லை. அவள் ஆற்றுக்குக் கிளம்பினால் நானும் கூடவே போய்விடுகிறேன், தூக்குவாளியில் காரமான குழம்போடு.