துயரத்தில் வாடும் அக்கா மகன், ஜெர்மனி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அரிசி களைந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருக் கடைசி வீட்டு விஜயா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில கீறாரு. நெஞ்சு வலி. அடைப்பு கீதாம்."

"அய்யய்யோ! எப்போடி?"

"முந்தாநேத்து. இப்ப பரவால்லன்றாங்க. அது இல்லக்கா... கனடால படிக்கிறாளே என் பொண்ணு, அவளுக்குச் சொல்லலாமா வேணாமா? அப்பான்னா அவளுக்கு உசுரு. பரீட்ச வேற நடக்குது. நீதான் புள்ளைய வெளிநாட்ல படிக்க வெச்சிருக்கே. உன்னக் கேட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

எனக்கு யோசனை சொல்வதென்றால் எவ்வளவு பிடிக்கும் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் யோசனைக்கு என்ன குறைச்சல்? கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் சொன்னேன். "இப்பவே ஃபோன் போடு. சொல்லிடு."

விஜயா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீயாக்கா இத்தச் சொல்றே? நீ லோகேஷ்கிட்ட..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

போய்ச் சொன்னாள். அந்தப் பெண் அழுதாளாம். அழுது முடித்துவிட்டு, "அப்பாவைக் காட்டு" என்றாளாம். இவள் காட்டினாளாம். அவர் படுக்கையிலிருந்தே கையை ஆட்டினாராம். மறுநாள் அந்தப் பெண் பரீட்சைக்குப் போய்விட்டு வந்தாளாம்.

அவ்வளவுதான் நடந்தது.

நானும் சொல்லியிருந்தால் எனக்கும் அவ்வளவுதான் நடந்திருக்கும்.

என் பிள்ளை லோகேஷ் ஜெர்மனியில் படிக்கிறான். இதை உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பட்டாபிராம் ஸ்டேஷனில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, இனிமேல் இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிய பிறகு பிறந்தவன். அவன் ஏரோப்ளேன் ஏறியபோது இவளுக்கு என்ன திமிர் பார் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே!

அங்கே அவன் வாழ்க்கை ஒன்றும் சினிமா மாதிரி இல்லை. நாலு பேருக்கு ஒரு சமையலறை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்காது. சனிக்கிழமை பால் வாங்க மறந்தால் திங்கட்கிழமைதான் டீ. துணி துவைக்கக் கட்டடத்துக்கு அடியில் ஒரு மெஷின் ரூம், அதற்கும் முன்னாலேயே பேர் போட்டு வைக்க வேண்டும். பகலில் படிப்பு, சாயங்காலம் ஒரு குடோனில் பார்சல் அடுக்குகிற வேலை. குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுமாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவன் என்னிடம் சொன்னதில்லை. என்னிடம் "நல்லா கீறேம்மா" என்பதோடு சரி. எல்லாம் அவன் மாமனிடம் சொன்னது. நான் பக்கத்தில் நின்று கேட்டது.

மாமன் என்றால் என் தம்பி ஏழுமலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டின் பின்பக்க அறையில்தான் இருந்தான். பட்டாபிராமுக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். லோகேஷ் காலேஜுக்குப் போன நாலு வருஷமும் காலையில் அவனை ஸ்டேஷனில் இறக்கிவிட்ட பிறகுதான் முதல் சவாரி. பிள்ளை ஜெர்மனி போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டோ ஹேண்டில்பாரில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ கால். ஸ்டாண்டே கூடிவிடும்.

"இன்னா மாப்ளே, இன்னா சமையலு?"

"ரசம் மாமா. தாளிச்சேன், பொகைக்கு அலாரம் அடிச்சிடுச்சு. மொத்த பில்டிங்கும் கீய எறங்கி நின்னுச்சு."

"ரசத்துக்கே இந்தப் பாடா! நீ கருவாடு வறுத்தா மிலிட்டரியே வந்துடும் போல கீதே!"

"இங்க காலி பாட்டில மெஷின்ல போட்டா காசு குடுக்குது மாமா."

"டேய், நம்ம ஸ்டாண்டு பின்னாடி கெடக்கற பாட்டிலுக்குப் பங்களாவே கட்டலாம்டா!"

இப்படித்தான் பேசுவார்கள். நான் "போதும்டா, புள்ள படிக்கணும்" என்று நடுவில் புகுந்து கெடுப்பேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் காலை, ஏழுமலை ஸ்டாண்டில் டீ குடித்தான். ஆட்டோவில் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். சவாரி வந்து எழுப்பினால்... எழுந்திருக்கவில்லை.

லோகேஷுக்கு அப்போது பரீட்சை நேரம். ஏற்கெனவே ஒரு பேப்பரில் ஃபெயில் ஆகி மறுபடி எழுதுகிறான். இதுவும் போனால் படிப்பே கேள்விக்குறி.

என் வீட்டுக்காரர் சொன்னார், "சொல்லிடலாம்மே. அவன் மாமன்மே."

"சொன்னா ஒடஞ்சிடுவான். பரீட்ச முடியட்டும். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றேன். நான் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சொந்தக்காரப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, ஸ்டேட்டஸ் கீட்டஸ் வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். துக்கத்திலும் என் புத்தி எவ்வளவு தெளிவாக வேலை செய்கிறது என்று எனக்கே ஒரு பெருமை.

ஸ்டாண்ட் பசங்கள் வந்தார்கள். "அக்கா, கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிறோம். பேரெல்லாம் சொல்லுக்கா."

சொன்னேன். என் பேர், என் வீட்டுக்காரர் பேர்... அக்கா மகன் லோகேஷ்.

அதோடு விட்டேனா? "லோகேஷ் பேருக்குப் பக்கத்துல ஜெர்மனின்னு போடுங்கடா" என்றேன்.

போட்டார்கள். பெரிசாகவே போட்டார்கள். 'துயரத்தில் வாடும்' என்ற வரிக்குக் கீழே, மாமன் செத்தது தெரியாத பிள்ளையின் பேர். இழவு வீட்டில் நூறு பேர் இருந்தோம். இதில் என்ன கோளாறு என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லையே!

புத்தூரில் இருந்து பெரியம்மா மகன் வர வேண்டும் என்றார்கள். பல வருஷமாகப் போக்குவரத்தே இல்லாத ஆள். இருந்தாலும் முகம் பார்க்க வேண்டுமே? அவனுக்காக ஏழுமலையை ஃப்ரீசர் பெட்டியிலேயே மறுநாள் மத்தியானம் வரை வைத்திருந்தோம். வந்தான். மாலை போட்டான். ஒரு நிமிஷம் பார்த்தான். டீ கேட்டான். அப்புறம்தான் எடுத்தோம்.

ஃபோன் என் இடுப்பிலேயே இருந்தது.

தகனம் முடிந்து வந்த சாயங்காலம் லோகேஷ் கூப்பிட்டான். நான் பின்பக்கம் போய்க் குரலைச் சரி பண்ணிக்கொண்டு எடுத்தேன்.

"மாமா எப்படிம்மா கீறாரு?"

"அவனுக்கின்னா? சவாரி போயிருக்கான்."

"சரிம்மா. நீ சாப்ட்டியா?" என்றான். வைத்துவிட்டான். குரல் நடுங்காமல் சமாளித்துவிட்டேன் என்று மூச்சு விட்டேன்.

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். ஃபோன் ரிப்பேர் என்றேன், திருத்தணி போயிருக்கிறான் என்றேன். பொய் சொல்லச் சொல்ல நன்றாக வந்தது.

பதினாறாம் நாள் காரியம். வீடு நிறைய ஆட்கள். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது லோகேஷ் கூப்பிட்டுவிட்டான். எடுக்காவிட்டால் சந்தேகப்படுவானே!

"இன்னாம்மா சத்தம்?"

"பக்கத்துல புது ஊடு கிரகப்பிரவேசம்டா."

"மாமா வந்துகீறாரா?"

"வந்தான், சாப்ட்டான், போய்ட்டான்."

"இன்னா சாப்ட்டாரு?"

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஏழுமலையின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படையல் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வடை, பாயாசம், எலுமிச்சஞ் சோறு, உருளக்கெழங்கு..."

"நல்லா சாப்ட்டாராம்மா?"

"ம்... நல்லா சாப்ட்டான்டா."

"சரிம்மா" என்றான். அன்றைக்கும் அவன்தான் முதலில் வைத்தான்.

பரீட்சை முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகையே பார்த்தேன்.

"லோகு... ஒரு விஷயம்டா. மனச தைரியமா வெச்சுக்கோ. மாமா..."

"தெரியும்மா."

"இன்னாடா தெரியும்?"

"மாமா எறந்துட்டாரு. அன்னிக்கே தெரியும். ஸ்டாண்டு மணி அண்ணன் பேனர ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தாரு. நான் மெஷின் ரூம்ல துணி போட்டுகினு ஒக்காந்திருந்தேன். மொதல்ல மாமா படம். கீய என் பேரு. எனக்கே என் பேரப் பாத்துதாம்மா சேதி தெரிஞ்சுது."

சொந்தக்காரர்கள் வாயை எல்லாம் அடைத்தவள், ஸ்டாண்டை மறந்துவிட்டேன்.

"அப்ப ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"டெய்லி கேட்டேனேம்மா. மாமா எப்படி கீறாருன்னு டெய்லி கேட்டேனே. நீ சொல்லுவே, அப்புறம் அழலாம்னு இருந்தேன். நீ சொல்லவே இல்ல."

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப... பரீட்ச?" அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

"தெரிஞ்சுதானேம்மா எழுதினேன்."

அப்புறம் கேட்டான், சண்டை போடுகிற குரலில் இல்லை, சாதாரணமாக. "புத்தூர்ல இருந்து வர்ற வரைக்கும் வெச்சிருந்தீங்களாமே? எனக்கு ஒருவாட்டி ஃபோன்ல மூஞ்சியக் காட்டி இருக்கலாம்லம்மா?"

இருக்கலாம்தான். அரை நிமிஷ வேலை. யாருக்கும் நஷ்டமில்லை. ஊரே பார்த்த முகத்தை, பார்க்க வேண்டிய ஒருத்தனுக்கு நான் காட்டவில்லை. இனி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அதைக் காட்ட முடியாது.

ரிசல்ட் வந்தது. பாஸ். தெருவில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன். "நீ மறச்சது நல்லதாப் போச்சு, பாத்தியா?" என்றார்கள் சிலர். உடைந்துவிடுவான், உடைந்துவிடுவான் என்றேனே... அவன் உடையவில்லை. தெரியாத ஊரில், பார்சல் அடுக்கிக்கொண்டு, துக்கத்தையும் பாடத்தையும் ஒன்றாகச் சுமந்து எழுதி ஜெயித்திருக்கிறான். பெற்றவள் எனக்குத்தான் அவன் பலம் தெரியவில்லை. தனியாக அழ விட்டுவிட்டு, காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிற என் போன்றவர்கள் இதைப் படித்தால்... சந்தோஷத்தை மட்டும் கேமராவில் காட்டாதீர்கள். கல்யாணப் பந்தியைக் காட்டுகிறோம், புதுப் பைக்கைக் காட்டுகிறோம், மாடு கன்று போட்டால்கூடக் காட்டுகிறோம். அழுகை வந்தால் மட்டும் ஃபோனைக் கவிழ்த்துவிடுகிறோம். ஏன்? நம் வீட்டுத் துக்கத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லையா?

லோகேஷ் என்னிடம் கோபப்படவில்லை. முன்னைவிட மரியாதையாகத்தான் பேசுகிறான். ஆனால் ஒன்று மாறிவிட்டது. இப்போதெல்லாம் எடுத்ததும், "வீடியோ போடும்மா" என்கிறான். என்னைப் பார்க்கிறான். அப்புறம் கேட்கிறான், "அப்பா எங்க?"

"கடைக்குப் போயிருக்காருடா. பால் வாங்க."

"சரி. வரட்டும். லைன்லயே கீறேன்."

அங்கே வேலைக்குப் போகிற பஸ்ஸில், மடியில் பையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அவர் தெருமுனையில் யாரோடாவது நின்று கதையடித்துவிட்டு, ஆடி அசைந்து வந்து, பால் பாக்கெட்டோடு முகத்தைக் காட்டுகிற வரை காத்திருக்கிறான்.

நான் சொன்னால் இப்போது அவனுக்குப் போதவில்லை.