கப்பல்களை ஓட்டிய கை

கல்முனை பஸாரில் மருந்து வாங்கப் போகிறவர்களுக்கு றுஸ்தாவைத் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் நின்று, வருகிறவர் என்ன அவசரத்தில் வந்தாலும் பதறாமல், எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும், எதைப் பின் போட வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்புகிறவள். அதே றுஸ்தா வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சாய்ந்தமருதில் உள்ள தன் வீட்டு அறைக்குள் கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு விண்வெளியில் ஒரு கப்பற்படையை நடத்துகிறாள் என்பது அவளுடைய உம்மாவுக்கும், கட்டாரில் இருந்த கணவன் ஹிஷாமுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

"கெழம முழுக்க ஆக்களுக்கு மருந்து குடுக்கிறாள், வெள்ளிக்கிழம ஆனா ஆக்களச் சுட்றாள்" என்பார் உம்மா.

அந்தக் கணினியைப் பழைய பாகங்கள் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் ஹிஷாம். ஊரில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தான். அது படுத்துவிட, தோஹாவில் உயர்ந்த கட்டடங்களுக்குக் குளிரூட்டிக் குழாய் பூட்டும் வேலைக்குப் போனான். போகுமுன் அவளுக்கு இந்த விளையாட்டைப் பழக்கினான். கணவனும் மனைவியும் ஒரே பக்கம், எதிரே இயந்திரம். அவள் விண்கற்களில் உலோகம் எடுத்துத் தாய்க்கப்பலைக் காத்துப் புதுக் கப்பல்கள் கட்டுவாள். அவன் சண்டைக்குப் போவான். ஆளுக்கொரு தரம் என்று காத்திருக்கும் ஆட்டமல்ல அது. நீ யோசிக்கிற நேரத்திலும் எதிரி வந்துகொண்டே இருப்பான். முன்னாலும் பின்னாலும் மட்டுமல்ல, தலைக்கு மேலாலும் காலுக்குக் கீழாலும் வருவான். உளவுக்கப்பல் எட்டாத இடமெல்லாம் ஒரே இருட்டு. கடைசிக் கட்டத்தில் அவர்கள் தோற்காத நாளில்லை.

"கீழால வாறான் புள்ள. நீ தாய்க்கப்பலப் பாரு, மத்தத நான் பாக்கன்" என்று தோஹாவில் இருந்து ஹிஷாமின் குரல் காதுக்குள் கேட்கும். அவனிடம் ஒரு குணம். அடிபட்ட கப்பலை விட்டுவிட்டு ஒருநாளும் திரும்பமாட்டான். பழுதுபார்க்கும் சிறு கப்பல்களைக் கூட்டமாகக் கட்டி வைத்திருந்தான். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் இருவரும் வைத்த பெயர் 'ஆஸ்பத்திரி'. "ஆஸ்பத்திரிய அனுப்புங்க மச்சான்" என்று அவள் சொன்னால் போதும், அது புறப்பட்டுவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. மறுநாள் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த திருக்கோவில் பொடியன் கோகுலன் செய்தி அனுப்பினான். அண்ணனின் போன் விழுந்து உடைந்துவிட்டதாம், புதிது வாங்கும்வரை கதைக்க ஏலாதாம். உன் போனில் இருந்து கதைக்கச் சொல்லு என்று றுஸ்தா எழுதினாள். அண்ணனுக்கு இரவு வேலை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்டவற்றுக்குப் பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுக் கணினியைப் போட்டாள். திரையின் ஓரத்தில் ஹிஷாமின் பெயர் பச்சையாக எரிந்தது. நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது.

"மைக் வேல செய்யல்ல. எழுதுறன்" என்று வந்தது.

ஆட்டம் தொடங்கியது. சற்று நேரம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தாய்க்கப்பலை விட்டுக் கண்ணை எடுத்து அவன் பக்கம் பார்த்தாள். உளவுக்கப்பல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஹிஷாம் அதை ஒருபோதும் நேராக அனுப்பமாட்டான். கோளுக்குப் பின்னால் மறைத்து, வளைத்துக்கொண்டுதான் போவான். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சண்டை மூண்டது. அடிபட்ட கப்பல்கள் புகைந்தபடி நடுவெளியில் நின்றன. மற்றவை அவற்றை விட்டுவிட்டு முன்னேறின.

வீட்டுக்குப் பின்னால் கடல் வழமையை விடப் பலமாக இரைவது போல் றுஸ்தாவுக்கு இருந்தது. திரையில் அசைகிற ஒவ்வொரு கப்பலும் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள் போல அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு வரி எழுதினாள்.

"ஆஸ்பத்திரிய அனுப்புங்க மச்சான்."

அவனுடைய கப்பல்கள் எல்லாம் அப்படியே நின்றன. பிறகு வந்தது:

"ஆஸ்பத்திரியப் பத்தி உங்களுக்கு ஆர் சொன்ன?"

றுஸ்தா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். அதற்குள் எதிரி கீழாலே ஏறி வந்துவிட்டான். கப்பல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. யாரும் அவற்றை அசைக்கவில்லை. வெளிச்சத்தில் கண் கூச, அவள் எழுதினாள்: "நீங்க ஆரு?"

தாய்க்கப்பல் எரிந்து முடியுமுன் போன் அடித்தது.

"அக்கா, நான் கோகுலன். பயப்படாதீங்க, அண்ணன் உசிரோட இருக்கார்." அவன் அழுதுகொண்டிருந்தான். "கட்டடத்துச் சாரத்துல இருந்து விழுந்துட்டார். இடுப்புலயும் இடது கையிலயும் அடி. ஒப்பரேஷன் செஞ்சிரிக்கி. இன்னும் சரியா நினைவு வரல்ல. வீட்டுக்குச் சொல்லப்படாதெண்டு கொம்பனி ஆக்கள் எங்கள வெருட்டி வச்சிரிக்காங்க."

"அப்ப நீ ஏன் அவர்ர பேர்ல ஏறின?"

"தூக்கிக்கொண்டு போகக்குள்ள அண்ணன்தான் சொன்னார். வெள்ளிக்கிழம அவள் பாத்துக்கொண்டு இருப்பாள், நான் இல்லாட்டி பயந்திருவாள், நீ ஏறி ஓட்டு எண்டு. பின்னால நிண்டு பாத்துப் பழகினதுதானே. அவரப் போல ஏலாமப் போச்சு அக்கா."

றுஸ்தா போனைக் காதில் வைத்தபடி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "என்ன புள்ள, என்ன?" என்று உம்மா ஓடி வந்தார். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் கோகுலனிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்று பொழுது படுமுன், கட்டாரில் இருக்கிற ஊர்க்காரர் முபாறக்கைப் போனில் பிடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நிற்கச் செய்தாள். அவர் போனைத் திருப்பிக் காட்டினார். வீங்கிய முகத்தோடு யாரோ ஒருவர் படுத்திருந்தார். அது ஹிஷாம்தான் என்று அவள் நம்பச் சற்று நேரம் எடுத்தது.

மூன்று மாதத்தின் பின் சக்கர நாற்காலியில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கினான். இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறான். இடது கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. வீட்டு வாசலில் மேசை போட்டு, ஒரு கையாலேயே போன் திருத்துகிறான். விளையாட்டுக்கு முன்னால் ஒரேயொரு தரம் உட்கார்ந்தான். கப்பலொன்று சுழன்று சுழன்று கீழே போனபோது முகம் வெளிறி எழுந்து போய்விட்டான். விழுந்ததைப் பற்றி அவன் கதைப்பதில்லை. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததா என்று உம்மா கேட்டபோது, "கட்டித்தான் இருந்த" என்றான்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது றுஸ்தாவோடு ஆடுவது கோகுலன், தன் சொந்தப் பெயரில். அடிபட்ட கப்பல்களைக் கூட்டி வரப் பழகிவிட்டான். ஹிஷாம் பின்னால் கதிரை போட்டுப் பார்த்திருப்பான். போன கிழமை அவர்கள் கடைசிக் கட்டத்தைத் தாண்டினார்கள். எதிரியின் பெரிய கப்பல் பிளந்தபோது றுஸ்தா கைதட்டிவிட்டாள். ஆனால் கோகுலன் சந்தோசப்படவில்லை.

"அக்கா, நாளையில இருந்து என்னய மேல சாரத்துக்கு மாத்திட்டாங்க. அண்ணன் வேல செஞ்ச அதே இடம்."

ஹிஷாம் எழும்பி வந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"ஏலா எண்டு சொல்லு தம்பி."

"சொன்ன அண்ணன். அப்ப ஊருக்குப் போ எண்டாங்க."

"அப்ப அந்தக் கயித்த நீயே இழுத்துப் பாத்துக் கட்டு. ஒருத்தன் கட்டித் தாறத நம்பாத. கேக்குதா?"

"ஓம் அண்ணன்."

கோகுலனின் பெயர் அணைந்தது. ஹிஷாம் கதிரைக்குத் திரும்பவில்லை. மேசையைப் பிடித்தபடியே நின்றான். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. றுஸ்தா விளக்கைப் போட்டாள். கணினியை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.