மொக்கம்மாளுக்கு மாற்றிய வால்வு

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் என் நாத்தனார் மொக்கம்மாள் வெட்டிய பந்தலைத் தோட்டக்காரர்கள் பார்த்ததுமே அடையாளம் சொல்லிவிடுவார்கள். எந்தக் கொப்பில் எத்தனை கண் விட வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். பதினைந்து வயதில் கத்தரி பிடித்தவள். நாற்பத்து நாலாவது வயதில், பந்தலுக்குக் கீழே பத்தடி நடந்தால் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. மாரியம்மனுக்கு வருசம் தவறாமல் பால்குடம் எடுத்தவள் இரண்டு வருசமாக எடுக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் சுருளியாண்டி அண்ணன் மோட்டார் மெக்கானிக். கிணற்று மேட்டில் கண்ணை மூடி நின்று, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் குழாயில் நாலு குடம் ஊற்றி நிரப்பி ஓட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் தன் மனைவிக்கும் அதையே செய்தார்.

"ரத்தம் கம்மியாயிருக்கு புள்ள. உள்ள ஊத்துனாத்தான் மேல ஏறும்."

காலையில் பீட்ரூட் சாறு, பத்து மணிக்கு இளநீர், மத்தியானம் உப்புப் போட்ட மோர்.

"என்னைய என்ன தண்ணித் தொட்டின்னு நெனச்சீகளா?" என்பாள் மொக்கம்மாள். ஆனாலும் குடிப்பாள். இரண்டு வாரத்தில் கால் இரண்டும் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இளநீர் வெட்டிக் கொடுத்தவள் நான்தான். சாமி என்னை மன்னிக்கட்டும்.

கம்பத்தில் பார்த்த டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே ஏஞ்சல் என்ற டாக்டரம்மா, மொக்கம்மாளின் நெஞ்சைத் திரையில் காட்டினார். அஞ்சாங்கிளாஸ் படித்த எனக்கும் விளங்கும்படி சொன்னார்.

"இதயம் மூடுன கையளவுதான். வலது பாதி, இடது பாதின்னு ரெண்டு மோட்டார்னு வச்சுக்கங்க. உடம்பச் சுத்தி வந்த ரத்தத்த வலது பாதி நுரையீரலுக்குத் தள்ளும். அங்க காத்து வாங்கிட்டு இடது பாதிக்கு வரும். அது அழுத்தித் தள்ளுனா தலையில இருந்து கால் வரைக்கும் போகும். ஒரு நாளைக்கு லட்சம் தடவ."

"லட்சமா! லீவே கெடையாதா?" என்றார் அண்ணன்.

"கெடையாது. தள்ளுன ரத்தம் திரும்பி வராம இருக்க நாலு வால்வு இருக்கு. இவங்களுக்கு இடது பக்கத்துல ஒண்ணு சரியா மூடல. சின்ன வயசுல மூட்டுவலியோட வந்த காய்ச்சல்ல கெட்டிருக்கும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ரத்தம் நுரையீரல் பக்கமே திரும்புது. அதான் மூச்சு முட்டுது."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, புட்வால்வு லீக்கு!"

கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருப்பதுதான் புட்வால்வு. அது மூடாவிட்டால் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும்.

"புட்வால்வப் பாருங்கடான்னு ஊருக்கெல்லாம் சொல்றவன், எம் பொண்டாட்டிக்கு வெறும் தண்ணிய ஊத்தியிருக்கேனே தங்கச்சி," என்றார் என்னிடம்.

"இனிமே ஊத்தாதீங்க. தண்ணியும் உப்பும் கூடுனா இதயத்துக்குச் சுமைதான்," என்றார் டாக்டரம்மா.

மருந்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் வால்வை மாற்றாவிட்டால் அடுத்த வருசம் வரை தாங்குவது கடினம் என்றார். நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் மாற்ற வேண்டுமாம். மொக்கம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"நிப்பாட்டுனா நான் எங்கன இருப்பேன் மதினி? மாரியாத்தா இந்த நெஞ்சுக்குள்ளதானே உக்காந்திருக்கா. அவள எந்திரின்னு சொல்லவா?"

அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. நான் அந்த மாரியாத்தாளைத்தான் வேண்டிக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட?

மறுநாள் காலை டாக்டரம்மா வந்ததும் அவளாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கவா டாக்டரம்மா? காய் பிடிச்ச நேரத்துல மோட்டாரக் கழட்டுனா நாங்க பந்தலக் காயவிட மாட்டோம். பக்கத்துத் தோட்டத்துத் தண்ணி லைன இழுத்து மாட்டிருவோம். என் நெஞ்சக் கழட்டுனா எனக்கு யாரு தண்ணி பாய்ப்பா?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அதுக்குன்னே மிஷின் இருக்கும்மா. உங்க ரத்தத்த வெளிய எடுத்து, காத்து சேத்து, திரும்ப உடம்புக்குள்ள தள்ளும். வால்வு மாத்தி முடியிற வரைக்கும் அதுதான் ஓடும்."

"கரண்டு போனா?"

"பேட்டரி இருக்கு."

மொக்கம்மாள் புருசனைப் பார்த்தாள். "இவுக மாட்டுற மோட்டார விட நல்ல மோட்டாரா?"

"ஏத்தா, இந்த நேரத்துலயும் என்னைய வம்புக்கு இழுக்கணுமா?" என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சரி, மாட்டச் சொல்லுங்க. ஆத்தா எந்திரிக்க வேண்டாம். கொஞ்ச நேரம் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணியக் குடிக்கட்டும்."

ஆபரேஷனுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. என் கையில் இருந்த திருநீறு வியர்வையில் குழைந்துபோயிற்று. டாக்டரம்மா வெளியே வந்து, "புது வால்வு நல்லா மூடுது. மிஷின எடுத்தாச்சு. அவங்க இதயம் தானா ஓடுது," என்றார். அண்ணன் அந்த வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டார்.

மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, சொன்ன தேதியில் ரத்தம் பார்க்க வேண்டும். அதெல்லாம் தவறவில்லை. பத்து மாதம் கழித்துத் திருவிழா வந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு, சின்னச் செம்பில் பால் எடுத்தாள். ஆற்றங்கரையில் இருந்து கோயில் வரை எங்குமே அவள் நிற்கவில்லை. பாதி வழியில் நான்தான் மின்கம்பத்தைப் பிடித்து நின்றேன். "என்ன மதினி, உங்களுக்கும் வால்வு பாக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே முந்திப் போனாள்.

சன்னதியில் திரை போட்டிருந்தார்கள். மேளம் ஒரு நிமிடம் ஓய்ந்தது. அந்த அமைதியில் அவள் நெஞ்சில் இருந்து டிக், டிக் என்று கேட்டது. உலோக வால்வு மூடும் சத்தம். அண்ணன், கிணற்று மேட்டில் நிற்பதுபோல, கண்ணை மூடி நின்றார்.

"கேட்டியா தங்கச்சி? சுத்தமான சத்தம். ஒரு சொட்டு திரும்பல."

"எம் மோட்டாரக் கேட்டது போதும். தெர வெலகுது, சாமியப் பாருங்க," என்றாள் மொக்கம்மாள். பால் செம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி நீட்டினாள்.