எண்ணெய்க்கு நான் சொன்ன சாட்சி

"அங்கிள் டாக்டரா?"

போன வாரம் சனிக்கிழமை காலை, செலண்டார் கடைத்தெருவில் இருக்கும் ஒரு கிளினிக்கில், என் மகள் வயதுள்ள மலாய் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. மலாயில்தான் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதனால்தான் அவ்வளவு உறைத்தது.

"இல்லை... நான் பத்திரிகையில் எழுதுகிறவன்" என்றேன்.

"ஓ" என்றார். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன்? சொல்கிறேன். சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம். பாட்டு, ஜெபம், சாட்சி, கடைசியில் தின்னக் கறிபாப் பலகாரம் — வரிசை மாறாது. சாட்சி என்றால் வேறொன்றுமில்லை. கடவுள் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. வேலை கிடைத்தது, வீட்டுக்கடன் பாஸ் ஆனது, காய்ச்சல் விட்டது... ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "அல்லேலூயா" என்று குரல் கொடுக்கும். நல்ல வழக்கம்தான். குறை சொல்லவில்லை.

ஆனால் சில மாதங்களாக அந்தச் சாட்சி நேரத்துக்குள் ஒரு சின்ன எண்ணெய் பாட்டில் நுழைந்துவிட்டது.

கொண்டு வந்தவர் ஸ்டெல்லா அக்கா. மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் வீட்டுக்குப் பின்னால் கத்தரிக்காய் போடுவார்கள். சிலர் அடுத்தவர் உடம்பைக் கவனிக்கக் கிளம்பிவிடுவார்கள். அக்காவுக்குத் தோட்டத்தில் ஆர்வமில்லை.

"ரொம்ப மென்மையானது தம்பி! பச்சப்புள்ளைக்கே போடலாம். சென்சிட்டிவ் ஸ்கின்னுக்கு இதுதான்லா பெஸ்ட். மோந்து பாருங்க, மூச்சு எப்படித் தொறக்குதுன்னு! தூபவர்க்கம் தம்பி... ஞானிகள் பாலன் இயேசுவுக்கே கொண்டு வந்தது!"

ஞானிகள் பொன்னும்தான் கொண்டு வந்தார்கள். அதை ஏனோ யாரும் சாம்பிள் கொடுப்பதில்லை.

எனக்கு இரண்டு முழங்கை மடிப்பிலும் அரிப்பு. முன்பெல்லாம் அதற்குச் சொறி என்று பெயர். இப்போது சென்சிட்டிவ் ஸ்கின். டுரியான் துங்காலில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு கிரீம் கொடுத்திருந்தார்கள். காலையும் இரவும் அதைத் தடவினேன். நடுவில், அக்கா மனம் கோணக் கூடாதே என்று, அந்த எண்ணெயிலும் ஒரு துளியைத் தேங்காயெண்ணெயில் கலந்து போட்டேன். இரண்டே வாரத்தில் அரிப்பு போய்விட்டது.

எதனால் போனது? கிரீமாலா, எண்ணெயாலா? என்னைக் கேட்டால் கிரீமால்தான். எண்ணெய் வாசமாக இருந்தது. அவ்வளவுதான் அதன் பங்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை, சாட்சி நேரத்தில் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, அந்தக் கை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன்..."

எழுந்தேன்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதை வெட்டினால் கதை நிமிர்ந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். 'கிளினிக் கிரீமும் போட்டேன், எண்ணெயும் போட்டேன்' என்று சொன்னால் அது என்ன கதை? கொட்டாவிதான் வரும். ஆகவே கிரீமை வெட்டினேன். அரிப்பைக் கொஞ்சம் கூட்டினேன். தூக்கமில்லாத இரவுகள் என்றேன். எந்த மருந்தும் கேட்கவில்லை என்றேன். கடைசியில் சட்டைக் கையை மடித்துத் தூக்கிக் காட்டினேன்.

"அல்லேலூயா!"

சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருடம் இந்தப் பத்தியை எழுதி எனக்கு அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குக் கறிபாப் எனக்கு இரண்டு கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் என் மனைவியின் தங்கை மேரி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவளுடைய ஒன்பது வயது மகள் ஷெரின். ஷெரினுக்கு ஆஸ்துமா.

மேரிக்கு ஏற்கெனவே இன்ஹேலர் என்றால் பிடிக்காது. யாரோ சொல்லியிருக்கிறார்கள் — பழகிவிட்டால் விட முடியாதாம், பொம்பளப் பிள்ளையாச்சே, நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக் கொடுக்க வேண்டாமா என்று. ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! மூச்சு விடுவதைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அப்படித்தானே?

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். மனைவி செய்த மீன் கறியைக் கொடுக்கச் செலண்டாரில் மேரி வீட்டுக்குப் போனேன். மேரியின் கணவர் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர்; விடியற்காலையிலேயே லோடு ஏற்றப் போய்விட்டார். கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. ஜன்னல் எல்லாம் சாத்தி, ஏர்கான் போட்டு, மேசைமேல் ஒரு மெஷின் புஸ் புஸ்ஸென்று எண்ணெய் ஆவியை விட்டுக்கொண்டிருந்தது.

ஷெரின் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. நெஞ்சு முழுக்க எண்ணெய் பளபளத்தது. பாட்டிலில் ஒரு துளி என்றுதான் எழுதியிருக்கிறது. நம்மவர்கள் எந்தக் காலத்தில் துளியோடு நிறுத்தியிருக்கிறோம்? பிள்ளையின் தோல் சிவந்து தடித்திருந்தது.

"பெரி...ய...ப்பா" என்றாள். ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

"மேரி, இன்ஹேலர் எங்க?"

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாருங்க அத்தான். இப்பத்தான் தடவுனேன். வேலை செய்யும்."

"இன்ஹேலர் எங்கன்னு கேட்டேன்!"

"அதெல்லாம் கெமிக்கல் அத்தான், எடுத்து வச்சிட்டேன்... நீங்கதானே சாட்சி சொன்னீங்க? எந்த மருந்தும் கேக்கல, இது ஒண்ணுதான் கேட்டுச்சுன்னு!"

பயந்துவிட்டேன். என்னென்னவோ கத்தினேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்குப் பின்னால் கிடந்தது அந்த நீல இன்ஹேலர். அதைப் பிள்ளையின் வாயில் வைத்து அடித்துவிட்டு அவளைத் தூக்கிக் காரில் போட்டேன். மேரி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

கிளினிக்கில் உடனே மாஸ்க் மாட்டி, மருந்தை ஆவியாக மூச்சில் ஏற்றும் கேஸ் வைத்தார்கள். டாக்டர் நெஞ்சைக் கேட்டார். தோலைப் பார்த்தார். குனிந்து ஒரு முறை மோந்தும் பார்த்தார். ஆஸ்துமா பிள்ளைக்கு இப்படிப்பட்ட வாசனையே இழுப்பைக் கிளப்பிவிடும் என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: இன்ஹேலரை நிறுத்தச் சொன்னது யார்?

மேரி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த டெங்கிக் கொசுப் படத்தைப் பார்த்தேன். கொசு என்னைப் பார்த்தது.

"நான்தான்... சொன்ன மாதிரி ஆகிவிட்டது" என்றேன்.

அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. அங்கிள் டாக்டரா?

இரண்டாவது தடவை கேஸ் வைத்த பிறகு ஷெரினின் மூச்சு நிதானத்துக்கு வந்தது. 'பெரியப்பா, பசிக்குது' என்று ஒரே மூச்சில் சொன்னாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வாக்கியத்தை நான் கேட்டதில்லை. வெளியே போய், காருக்குப் பின்னால் நின்று அழுதேன்.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் மலாயில் மூன்று நிமிடம் பேசுகிறார், ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். நமக்கு நம்பிக்கை வருவதில்லை. தெரிந்த மனிதர் ஒருவர் தமிழில், தொண்டை கரகரக்க, கையை மடித்துக் காட்டினால் போதும்... அடுத்த நாளே மருந்து மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. கோயில் பக்கமும் இதே கூத்துதான் நடக்கிறது. அங்கே வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. இதில் மதபேதமே கிடையாது. இந்த ஒரு விஷயத்திலாவது நாம் ஒற்றுமையாக இருக்கிறோம்.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அழுதுவிட்டார். "ஐயோ தம்பி, இன்ஹேலரை நிறுத்துன்னு நான் ஒரு நாளும் சொல்லலியே!" என்றார். உண்மை. அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஞானிகளும் சொல்லவில்லை. யாருமே சொல்லாத ஒரு பேச்சைக் கேட்டு ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறியிருக்கிறது. இப்படியெல்லாம் நடக்குமா? நடந்ததே!

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. சாட்சி நேரம் வந்ததும் கூப்பிடாமலே எழுந்தேன்.

"போன தடவை நான் சொன்னது அரைச் சாட்சி. கிளினிக் கிரீமும் போட்டேன். அதைச் சொல்லாம விட்டுட்டேன். அதனால நம்ம ஷெரினுக்கு ரொம்ப மோசமாயிடுச்சு. தப்பு என்னுது. எண்ணெய் வேணும்னா வாசத்துக்கு வச்சிக்குங்க. டாக்டர் குடுத்த மருந்தை யாரும் நிறுத்திடாதீங்க."

உட்கார்ந்தேன். அல்லேலூயா இல்லை. நம் கூட்டங்களில் சாட்சி சொல்லத்தான் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு நேரமே கிடையாது. யாரோ அவசரமாக அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். மேரி மட்டும் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். ஒரு வாரமாக அவள் என்னோடு பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. மரியதாஸ் அங்கிள். எஸ்டேட்டில் மண்டோராக, வேலையாட்களை மேற்பார்க்கிறவராக இருந்தவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், சர்க்கரை வியாதிக்காரர், கூட்டத்தில் வாயே திறக்காதவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"தம்பி... அப்ப நான் இனிப்பு நீர் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சிடட்டுமா?"

"என்ன அங்கிள் சொல்றீங்க? எப்ப நிறுத்துனீங்க?"

"நீ கையை மடிச்சுக் காட்டுனியே... அன்னைக்குத்தான்."